உரிமத்தைத் திரும்பப் பெறும் உரிமை: அயல்நாட்டுப் படையினரும் ஏற்கும் நாட்டுச் சாலைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்தப்பட்ட அச்சு வடிவம்)



பன்னாட்டுச் சட்டத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்தீர்கள். கடல் எல்லை, அணு ஆயுதம், அகதிகள் என்று பெரிய தலைப்புகள் பல இருக்கின்றன. நான் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு நாட்டின் படைவீரர் இன்னொரு நாட்டில் போய்த் தங்கியிருக்கும்போது, அங்குள்ள சாலையில் அவர் எந்த நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம்? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

அயல்நாட்டுப் படை ஓர் ஊரில் தளம் அமைத்தால் ஊர்க்காரருக்கும் அந்தப் படைக்கும் நேருக்கு நேர் தொடர்பு ஏற்படும் இடம் பெரும்பாலும் சாலைதான். வேலிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பிரிவுகளை அவர் படித்திருக்கவும் மாட்டார். ஆனால் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேளையில் எதிரே வரும் வண்டியை ஓட்டுபவர் யார், அவருக்கு உரிமம் கொடுத்தவர் யார், தவறு செய்தால் அதைப் பறிக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விகள் அவருடைய வீட்டுக் கேள்விகள்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேறொரு நாட்டின் உரிமத்தை ஏற்பது நியாயமானது. தேர்வு வைக்காமல் ஏற்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்றுக்கொண்ட உரிமத்தை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் உள்ள அதிகாரத்தையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். படைவீரர் தம் சொந்தக் காரைச் சொந்த வேலைக்கு ஓட்டும் நேரத்திலாவது அந்த அதிகாரம் படை வந்து தங்கும் நாட்டின், அதாவது ஏற்கும் நாட்டின், கையில் இருக்க வேண்டும்.

1. சட்டம் சொல்வது

இந்தத் துறையின் மூல ஆவணம், 1951 ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைநிலை உடன்படிக்கை. அதன் 4-ஆம் பிரிவு மிகச் சிறியது. ஏற்கும் நாட்டுக்கு அது இரண்டு வழிகளைத் தருகிறது. படையை அனுப்பும் நாடோ அதன் உட்பிரிவோ கொடுத்த உரிமத்தை, அல்லது படை கொடுத்த ஓட்டுநர் அனுமதியை, தேர்வும் கட்டணமும் இல்லாமல் செல்லுபடியாகும் என்று ஏற்கலாம். இல்லையென்றால், அத்தகைய உரிமம் வைத்திருப்பவருக்குத் தன் சொந்த உரிமத்தை வழங்கலாம். அப்போதும் தேர்வு கேட்கக் கூடாது.

உட்பிரிவு என்று அங்கே சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது. படைப்பணியில் வெளிநாட்டில் இருப்பவரின் உரிமம் காலாவதியானாலும், பணிக்காலம் முடியும்வரை அது செல்லும் என்று பல மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. ஆகவே ஜெர்மனியிலோ இத்தாலியிலோ காவலர் ஒருவர் கையில் வாங்கிப் பார்க்கும் அட்டையில் தேதி கடந்திருக்கலாம். அட்டை செல்லுபடியாகவும் இருக்கலாம்.

ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 1960 ஜனவரி 19 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு இதே போக்கில் போகிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நேட்டோ பிரிவு படைவீரரையும் படையோடு வரும் சிவிலியன் பணியாளரையும் மட்டுமே சொல்கிறது. ஜப்பானியப் பிரிவு அவர்களுடைய குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்கிறது. கணவருக்குப் பணியிடம் மாறியதால் கூட வந்த மனைவி, அவர்களுடைய வயதுவந்த மகன் ஆகியோரின் உரிமமும் அங்கே தேர்வின்றி ஏற்கப்பட வேண்டும். போரில் தோற்று, ஆக்கிரமிப்பின் கீழ் இருந்து மீண்ட நாடு போட்ட ஒப்பந்தத்துக்கும், கூட்டணி நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் உள்ள தூரத்தை இந்தச் சிறு வேறுபாட்டில் நான் பார்க்கிறேன்.

பிலிப்பைன்ஸ் இன்னொரு வகை. 1998-இல் கையெழுத்தாகி, 1999-இல் அந்நாட்டு செனட் ஏற்றுக்கொண்ட வருகைப் படைகள் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு, அமெரிக்க அதிகாரி கொடுத்த உரிமத்தை ராணுவ வண்டிக்கும் அரசு வண்டிக்கும் மட்டுமே ஏற்கிறது. சுபிக் விரிகுடா, கிளார்க் ஆகிய பெருந்தளங்கள் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பிறகு, மணிலா அரசு வேறு நிலையில் நின்று பேசி முடித்த ஒப்பந்தம் அது. மூன்று ஒப்பந்தங்களின் இந்தப் பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் சேர்ந்து ஓரிரு பக்கம்கூட வராது.

2. உரிமத்துக்குள் இருக்கும் மூன்று

நம் ஊரில் எல்.எல்.ஆர். வாங்கி, ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டுக் காட்டிய எவருக்கும் உரிமம் என்றால் என்னவென்று தெரியும். வண்டியைக் கையாளத் தெரியும் என்பதற்கு அது சான்று. இந்த ஊர்ச் சாலை விதி தெரியும் என்பதற்கும் அது சான்று. இவை இரண்டுக்கும் மேலாக, தவறு செய்தால் இதைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கட்டுப்பாடும் அதற்குள் இருக்கிறது.

முதலாவது எல்லை தாண்டும். கான்சாஸில் கியர் மாற்றத் தெரிந்தவருக்கு ஒகினாவாவிலும் தெரியும். அதனால்தான் தேர்வு வேண்டாம் என்ற சலுகையை நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது எல்லை தாண்டாது. அதற்கு ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். மூன்றாவது முழுக்க முழுக்க உள்ளூர் அதிகாரத்தைச் சேர்ந்தது. படைநிலை உடன்படிக்கைகள் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும் நாட்டிடம் கொடுத்துவிட்டன.

3. தேர்வை நடத்துவது யார்?

தேர்வு இல்லை என்று ஒப்பந்தம் சொல்வதால் யாரும் எதையும் கற்காமல் சாலைக்கு வந்துவிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கும் நாடு தேர்வு வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜப்பானிலுள்ள அமெரிக்கப் படை, புதிதாக வருபவருக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்தி, எழுத்துத் தேர்வு வைத்து, தன்னுடைய அனுமதிச் சீட்டைக் கொடுக்கிறது. அங்குள்ளவர்கள் அதைப் படிவ எண்ணைக் கொண்டு நான்கு-ஈ-ஜே என்றே சொல்வார்கள். ஜெர்மனியில் சொந்த மாநில உரிமத்தோடு போகும் வீரர், ஜெர்மன் சாலைக் குறிகளைப் பற்றிய தேர்வை எழுதி, படை கொடுக்கும் உரிமச் சான்றிதழைப் பெற வேண்டும். இவை வெறும் சடங்குகள் அல்ல. தன் வீரர் விபத்தில் சிக்கினால் படைக்கும் இழப்புதான் என்பதால் உண்மையான அக்கறையோடு நடத்தப்படுகின்றன.

ஆனால் எழுத்துத் தேர்வு பழக்கத்தை மாற்றாது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஜப்பானிலும் பிரிட்டனிலும் இடப்பக்கம். ஒகினாவா 1945 முதல் 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்ததால் அங்கேயும் வலப்பக்கமே ஓடியது. ஜப்பானிடம் திரும்பி ஆறாண்டுகள் கழித்து, 1978 ஜூலை 30 அன்று காலை தீவு முழுவதும் இடப்பக்கத்துக்கு மாறியது. அந்நாளை அங்கே இன்றும் 730 என்று மாதத்தையும் நாளையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். பேருந்துகளின் கதவுகளை மறுபக்கம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சமூகம் முழுவதும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எவ்வளவு ஆயத்தம் வேண்டும் என்பதற்கு அது சான்று. ஒரு தனி மனிதர் விமானத்திலிருந்து இறங்கிய சில வாரங்களில் அதே மாற்றத்தைத் தாமாகவே செய்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

2019 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், குரோட்டன் விமானப்படைத் தளத்துக்கு அருகே, 19 வயது இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். தளத்திலிருந்து வெளியே வந்த கார், சாலையின் தவறான பக்கத்தில் வந்து அவர்மீது மோதியது. இளைஞர் இறந்துபோனார். காரை ஓட்டியவர் தளத்தில் பணிபுரிந்த அமெரிக்க அரசு ஊழியரின் மனைவி. பிரிட்டனுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இது படைநிலை உடன்படிக்கையின் கீழ் வரும் வழக்கல்ல, தூதரகப் பாதுகாப்பைப் பற்றிய வழக்கு. இருந்தாலும் இங்கே அதைச் சொல்லக் காரணம் உண்டு. 1995-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, அந்தத் தளத்தின் ஊழியர்களுக்குப் பணிநேரத்துக்கு வெளியே நடக்கும் குற்றங்களில் பாதுகாப்பு இல்லை. அவர்கள் குடும்பத்தினரைப் பற்றிக் கடிதங்கள் எதுவும் சொல்லவில்லை. அதனால் ஊழியருக்கு இல்லாத பாதுகாப்பு அவர் மனைவிக்குக் கிடைத்தது. அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். 2020 ஜூலையில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2022 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட எட்டு மாதச் சிறைத் தண்டனையும், 12 மாதங்கள் வண்டி ஓட்டத் தடையும் விதித்தது. அவர் அமெரிக்காவிலிருந்து காணொலி வழியாகவே தீர்ப்பைக் கேட்டார். பிரிட்டனின் சாலையில் இனி ஓட்டப்போகாத ஒருவருக்குப் பிரிட்டனின் நீதிமன்றம் விதித்த ஓட்டுநர் தடை என்ன பயன் தரும் என்று சட்ட மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

4. கடமையில் இருந்தவரா, இல்லாதவரா?

படைவீரர் வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டால், முதல் கேள்வி அவரிடம் உரிமம் இருந்ததா என்பதல்ல. அவர் கடமையில் இருந்தாரா என்பதே. நேட்டோ உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவின்படி, அலுவல் கடமையைச் செய்யும்போது நடந்த குற்றத்தை விசாரிக்கும் முதல் உரிமை அனுப்பும் நாட்டுக்கு. மற்ற குற்றங்களில் பெரும்பாலும் ஏற்கும் நாட்டுக்கு. இழப்பீட்டிலும் இதே கோடுதான். கடமையின்போது நடந்த விபத்துக்கு, அனுப்பும் நாடு மட்டுமே பொறுப்பு என்றால், இழப்பீட்டில் 75 விழுக்காட்டை அது தரும். மீதி 25 விழுக்காடு ஏற்கும் நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து போகும். தன் குடிமகனை இழந்த நாடே இழப்பீட்டில் கால் பங்கைச் சுமக்கிறது.

தென்கொரியாவின் யாங்ஜு பகுதியில் 2002 ஜூன் 13 அன்று, குறுகலான சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்த 14 வயதுச் சிறுமியர் இருவர் அமெரிக்கக் கவச வாகனத்தில் நசுங்கி இறந்தார்கள். வாகனம் பயிற்சியின் பகுதியாகச் சாலையில் சென்றது, ஆகவே கடமை. விசாரணை உரிமையை விட்டுத்தருமாறு கொரிய அரசு கேட்டது, கிடைக்கவில்லை. அந்த நவம்பரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் வாகனத்தை ஓட்டியவரையும் அதற்குப் பொறுப்பான வீரரையும் விடுவித்தது. சோல் நகரத் தெருக்களில் மெழுகுவத்தி ஏந்தி மக்கள் திரண்டார்கள். கொரியாவின் அரசியலில் மெழுகுவத்திக் கூட்டங்கள் அதன்பின் ஒரு மரபாகவே ஆகிவிட்டன.

இது போதாதென்று, கடமையின் எல்லையும் நீட்டப்படுகிறது. ஜப்பானில் 1956-இல் கூட்டுக் குழு எடுத்த முடிவின்படி, வேலைக்குப் போவதும் வேலையிலிருந்து வீடு திரும்புவதும் கடமையே. குடித்திருந்தால் அது கடமையாகாது. ஆனால் அலுவல் சார்ந்த விருந்தில் குடித்திருந்தால் அதற்கு விலக்கு இருந்தது. 2011 டிசம்பரில்தான் அந்த விலக்கை நீக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஒகினாவாவில், வேலை முடிந்து திரும்பிய தளப் பணியாளர் ஒருவரின் கார் மோதி இளைஞர் ஒருவர் இறந்திருந்தார். பணியிலிருந்து திரும்பியதால் அது கடமை என்று சொல்லி ஜப்பானிய வழக்கறிஞர்கள் முதலில் வழக்கைக் கைவிட்டார்கள். ஒகினாவா மக்கள் விடவில்லை. நவம்பரில் சிவிலியன் பணியாளர்களுக்கான புதிய ஏற்பாடு வந்தது; வழக்கு ஜப்பானிய நீதிமன்றத்துக்குப் போனது. 55 ஆண்டுகள் நின்ற ஒரு வரியை மாற்ற மகனை இழந்த ஒரு தாயின் கண்ணீரும் ஒரு தீவின் பிடிவாதமும் தேவைப்பட்டிருக்கின்றன.

அதே தீவின் வரலாற்றில் இதற்கு முன்பும் ஒரு சாலை விபத்து உண்டு. 1970 செப்டம்பரில் இதோமான் ஊரில் ஒரு பெண் அமெரிக்க வீரரின் கார் மோதி இறந்தார். டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் வீரரை விடுவித்தது. சில நாட்களுக்குப் பின், டிசம்பர் 20 அதிகாலையில், கோசா நகரத்தில் இன்னொரு அமெரிக்கர் காரை ஓட்டி உள்ளூர்க்காரர் ஒருவர்மீது மோதினார். கூடிய கூட்டம், மஞ்சள் எண்தகடு தாங்கிய அமெரிக்கர் வண்டிகளை மட்டும் தேடித் தேடி 75-க்கும் மேற்பட்டவற்றுக்குத் தீ வைத்தது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த இரவு எரிந்தவை எவை என்பதைக் கவனியுங்கள். மக்கள் முதன்மையாகக் குறிவைத்தது வண்டிகளைத்தான்.

ஈரானில் 1964-இல் அமெரிக்க ராணுவ ஆலோசகர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் சட்டப் பாதுகாப்பு தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, அக்டோபர் 26 அன்று கும் நகரில் மதத் தலைவர் கொமெய்னி அதை எதிர்த்துப் பேசினார். மக்களுக்குப் புரியவைக்க அவர் எடுத்துக்கொண்ட உவமையும் வண்டி மோதுவதே: அமெரிக்கச் சமையற்காரர் ஒருவர் மன்னர் ஷா மீதே காரை ஏற்றினாலும் கேட்க ஆளில்லை என்றார். சில நாட்களில் நாடுகடத்தப்பட்டார். அவருடைய பிற்கால அரசியலை நான் ஏற்கவில்லை. ஆனாலும் எளிய மக்களின் நெஞ்சில் எது தைக்கும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

5. பறிக்கும் அதிகாரம்

இனி என் மையக் கருத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தளங்களில் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தும் விதிகள் கடுமையானவை. படையின் போக்குவரத்து விதிப்படி, 12 மாதங்களில் 12 தவறுப் புள்ளிகள், அல்லது 24 மாதங்களில் 18 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டும் உரிமை பறிபோகும். குடித்துவிட்டு ஓட்டினால் ஓராண்டுக்குப் போகும். படைத் தளபதிகள் இதைச் செயல்படுத்தவில்லை என்று நான் சொல்லவில்லை. பறிக்கும் முடிவு எடுக்கப்படும் மேசைக்கு முன்னால் விபத்தில் காயம்பட்டவரின் குடும்பம் உட்கார முடியாது என்பதே என் குறை. அந்த முடிவை எதிர்த்து அவர்கள் முறையிட ஒரு வழி இல்லை. முடிவு என்னவென்று அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் இல்லை.

ஜெர்மனி இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 1959-இல் செய்து 1993-இல் திருத்திய துணை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, ஓட்டுநரின் தகுதியிலோ நம்பகத்தன்மையிலோ நியாயமான ஐயம் எழுந்தால் படை அதிகாரிகள் உரிமத்தைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்கிறது. ஜெர்மன் அதிகாரிகள் கேட்டுக்கொண்டால் அதைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பரிவோடு பரிசீலிப்பது கட்டாயமாகாது. ஆனாலும் கேட்கும் உரிமை எழுத்தில் வந்துவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீடு பற்றியும் அதே உடன்படிக்கையில் தனிப் பிரிவு இருக்கிறது.

ஜப்பானில் இத்தகைய மாற்றங்கள் மெல்ல மெல்லத்தான் வந்தன. 1960 உடன்படிக்கையே அரசு வண்டிகளில் அடையாள எண்ணோ தனிக் குறியோ இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் படை வண்டிகள் அனைத்திலும் எண்தகடு பொருத்துவதற்குக் கெடு வைத்தது 1996 டிசம்பரில் வெளிவந்த ஒகினாவா சிறப்புக் குழுவின் இறுதி அறிக்கைதான். போர்ப்பணி சாராத வண்டிகளுக்கு 1997 ஜனவரி, மற்றவற்றுக்கு 1997 அக்டோபர். படையினரும் குடும்பத்தினரும் கட்டாயக் காப்பீட்டுக்கு மேலாகக் கூடுதல் காப்பீடு எடுப்பதும் 1997 ஜனவரியில் தொடங்கியது. அந்த அறிக்கைக்கு முந்தைய ஆண்டு தீவில் அமெரிக்கப் படையினர் ஒரு சிறுமிக்கு இழைத்த கொடுமையும் அதைத் தொடர்ந்த பெரும் போராட்டமும் இல்லாமல் இந்த மாற்றங்கள் வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சொந்த வண்டிக்கு ஜப்பானிய எண்தகடுதான். ஜப்பானியருக்கு உள்ள அதே நிபந்தனையில்தான் அதைப் பெற வேண்டும் என்று 10-ஆம் பிரிவே சொல்கிறது. வண்டியை உள்ளூர்ச் சட்டத்துக்குள் கொண்டுவரும் ஒப்பந்தம், அதை ஓட்டுபவரை மட்டும் வெளியே நிறுத்துகிறது. வண்டிக்குச் செய்ததை ஓட்டுபவருக்கும் செய்தால் படையின் பணிக்கு எந்தத் தடையும் வராது. ராணுவ டிரக்கை ஓட்டுவதற்கான உரிமம் படையிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகும் குடும்பக் காருக்கான உரிமத்தை, தவறு நடந்தால், ஊர் நீதிமன்றம் நிறுத்திவைக்கட்டும்.

6. நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்திய மண்ணில் அயல்நாட்டுப் படைத்தளம் இல்லை. ஆனால் நான் சொல்லும் பிரிவினை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புப் பணிக்கான மத்திய அரசு வண்டிகளை ஓட்டத் தனி அதிகாரி உரிமம் வழங்கலாம் என்கிறது. அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, அந்த உரிமத்தைக் கொண்டு வேறு எந்த வண்டியையும் ஓட்ட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. வேலூரிலிருந்து படைக்குப் போன ஜவான் ராணுவ லாரியை ஓட்டலாம். விடுப்பில் ஊருக்கு வந்து அண்ணன் காரை ஓட்ட நினைத்தால் ஆர்.டி.ஓ. கொடுத்த உரிமம் வேண்டும். சொந்தப் படைக்கே நாம் இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறோம். நம் ஜவான் யாரும் இதை அவமானமாக நினைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐ.நா. அமைதிப்படைக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. காங்கோவிலும் தெற்கு சூடானிலும் லெபனானிலும் நம் வீரர்கள்தான் அயல்நாட்டுப் படையினர். ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டு மாதிரி உடன்படிக்கையின்படி, அமைதிப்பணியின் தலைவர் கொடுக்கும் ஓட்டுநர் அனுமதியை ஏற்கும் நாடு வரியோ கட்டணமோ இல்லாமல் ஏற்க வேண்டும். ஏற்கெனவே தகுந்த உரிமம் இல்லாதவருக்கு அந்த அனுமதியைக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. நடைமுறையில் ஐ.நா. பணிகளில் நேரில் ஓட்டிக் காட்டும் தேர்வும் வைக்கிறார்கள். நேட்டோ பிரிவைவிட இது மேலானது. ஆனால் குற்ற விசாரணை முழுவதும் வீரரை அனுப்பிய நாட்டுக்கே உரியது. காங்கோவின் கோமா நகரத்தில் நம் வண்டி மோதி ஒரு பெண் இறந்தால், அவர் பிள்ளைகள் நீதி கேட்டு நிற்க வேண்டிய இடம் இந்தியா.

பக்கத்து இலங்கையில் 2019-இல் அமெரிக்காவோடு புதிய படைநிலை உடன்படிக்கை செய்வது பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பத்திரிகைகள் எழுதியது பெரும்பாலும் இறையாண்மையைப் பற்றியே. ஓட்டுநர் உரிமப் பிரிவில் என்ன கேட்க வேண்டும் என்று அப்போது பேசியவர்கள் மிகச் சிலர். இப்படி ஒரு வரைவு நம் பிராந்தியத்தில் எந்த மேசைக்கு வந்தாலும் இரண்டு வரிகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அலுவல் வண்டி அல்லாதவற்றுக்கு ஏற்கும் நாட்டு நீதிமன்றமே ஓட்டும் உரிமையை நிறுத்திவைக்கலாம் என்பது முதல் வரி. படை தானாக உரிமத்தைப் பறித்தாலும் பறிக்க மறுத்தாலும், அதன் காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்பது இரண்டாவது. இந்தியா அனுப்பும் படைக்கும் இதே வரிகள் பொருந்த வேண்டும். காங்கோ அரசு அவற்றைக் கேட்டால், நம் வெளியுறவு அமைச்சகம் தயங்காமல் சம்மதிக்க வேண்டும்.